78-க்குத் தனி பிளேயர்: வேகத்தைச் சரிசெய்வது எப்படி?

தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று) அரக்கு இசைத்தட்டுகள் கிடைத்த பிறகுதான் எங்கள் கும்பகோணம் வீட்டில் இரண்டாவது பிளேயர் வந்தது. முதலில் ஒரே பிளேயரில் முள்ளை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மறந்துபோய் 78-க்கான தடித்த முள்ளோடு எல்.பி. (33 சுற்று நீண்ட இசைத்தட்டு) ஒன்றை ஓடவிட்டேன். அந்தப் பக்கம் இன்றும் கரகரக்கிறது.

முள்: எல்.பி., 45 சுற்றுச் சிறு தட்டு இரண்டுக்கும் நுனியின் ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-க்கு சுமார் 75. மெல்லிய முள் 78-இன் அகலப் பள்ளத்தில் அடியில் கிடந்து அழுக்கைத்தான் வாசிக்கும்.

பாரம் (முள் தட்டை அழுத்தும் எடை): எல்.பி.க்கு 2 கிராமுக்குள், 78-க்கு 3 முதல் 5 வரை. முள் கையின் பின்னால் உள்ள எடைக்கட்டியில் அச்சிட்ட எண்களை நான் நம்புவதில்லை. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

வேகம்: நான் சறுக்கியது இங்கேதான். என் 78 பிளேயர் பழைய லென்கோ. நெம்புகோலை நகர்த்தி எந்த வேகமும் வைக்கலாம், அதனாலேயே பிடிக்கும். இணையத்தில் கிடைத்த ஸ்ட்ரோப் அட்டையை (வட்டமாகக் கோடுகள் போட்டது; வேகம் சரியானால் விளக்கின் மினுக்கலில் கோடுகள் நிற்பதுபோல் தெரியும்) அச்செடுத்துத் தட்டின் மேல் வைத்து, கோடுகள் அசையாமல் நிற்கும்வரை சரிசெய்தேன். அப்புறம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போட்டால், நாகசுரம் மூன்று சுரஸ்தானம் இறங்கி அழுது வடிந்தது! அது அமெரிக்காவின் 60 சைக்கிள் மின்சாரத்துக்கான 92 கோட்டு அட்டை. நம் 50 சைக்கிளில் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். அந்த அட்டையில் கோடுகள் நிற்பது 65 சுற்றில். நமக்கு வேண்டியது 77 கோட்டு அட்டை. அதில் 77.92 சுற்று வரும், போதும். எல்.இ.டி. பல்புக்குக் கீழே கோடுகள் பெரும்பாலும் தெரியாது. பழைய சோக் போட்ட டியூப்லைட்டில் பாருங்கள்.

துடைப்பது: ஐப்பசி மழையில் இங்கே எல்லாத் தட்டும் பூஞ்சை பிடிக்கும். 78-ஐ ஸ்பிரிட்டால் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் போதும். நடுவிலுள்ள காகிதம் நனையக் கூடாது.

வீட்டில் மூன்றாவதாக ஒரு பிளேயரும் உண்டு. அது தேய்ந்துபோன சினிமா 45-களுக்கான பழைய சேஞ்சர் (அடுக்கிய தட்டுகளைத் தானே மாற்றிப் போடுவது). முள் கனமாக அழுத்தும், நல்ல தட்டுகளை அதன் பக்கமே கொண்டுபோக மாட்டேன்.

சேர்க்கை: டியூப்லைட்டிலும் கோடுகள் நிற்கவில்லை என்றார் மாயவரம் வாசகர் ஒருவர். அவர் வீட்டில் எலக்ட்ரானிக் சோக், அதன் மினுக்கல் மிக வேகமானது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எரியும் சிவப்பு நியான் விளக்கை, அறையை இருட்டாக்கிவிட்டுத் தட்டுக்கு அருகே பிடிக்கச் சொன்னேன். கோடுகள் நின்றுவிட்டனவாம்.