முதன்முதலாக மாநாட்டுக்குப் போகும் நுண்ணுயிரியல் மாணவர்களுக்கு

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் நடத்துகிறேன். ப்ராஜெக்ட் ஒரு வழிக்கு வந்ததும் "மேடம், எந்த கான்ஃபரன்ஸுக்குப் போகலாம்?" என்று வந்து நிற்பார்கள். உங்கள் வேலையைக் கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் அங்கே யார் வருகிறார் என்று திருப்பிக் கேட்பேன். சான்றிதழ் எங்கே போனாலும் கிடைக்கும். நல்ல கேள்வி அப்படிக் கிடைக்காது.

அதனால் அழைப்பிதழ் வந்ததும் முதலில் பேச்சாளர் பட்டியலைப் பாருங்கள். தூத்துக்குடி உப்பளத்துப் பாத்திகளைச் சிவக்க வைக்கும் நுண்ணுயிர்களில் நீங்கள் வேலை செய்தால், கடல் சார்ந்தோ உப்பு சார்ந்தோ வேலை செய்கிற ஒருவராவது அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். தூரம் போகத் தேவையில்லை. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஆழ்வார்குறிச்சியில் அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையம், கொஞ்சம் தள்ளி மதுரை, மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் என்று பக்கத்திலேயே பார்க்கலாம். 1938-இல் தொடங்கிய இந்திய நுண்ணுயிரியலாளர் சங்கத்தின் ஆண்டு மாநாடு பெரியது. அதற்கு அடுத்த வருஷம் போகலாம். சின்ன அரங்கில்தான் மூத்தவர்கள் உங்கள் போஸ்டர் (ஆய்வைப் படமும் எழுத்துமாகக் காட்டும் பெரிய தாள்) முன்னால் நின்று பேசுவார்கள்.

பொறியியல், மேலாண்மை, மருத்துவம் எல்லாம் ஒரே மேடையில் என்றாலோ, பணம் கட்டினால் 'சிறந்த ஆய்வாளர்' விருது என்றாலோ அந்தப் பக்கமே போகாதீர்கள். ஸ்டைபெண்ட் இல்லாத பிள்ளைகளின் வீட்டுக் காசு அது.

மாநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுச் சுருக்கத்தில் 'நல்ல பலன் கிடைத்தது' என்று எழுதாமல், அளந்து வந்த எண்களை எழுதுங்கள்.

போஸ்டருக்கு வருவோம். ஏ0 தாள் அளவு என்றால் 84.1 செ.மீ. அகலம், 118.9 செ.மீ. உயரம். பிளக்ஸ் கடையில் அடிக்கணக்கில் கேட்பார்கள். மூணுக்கு நாலு என்று சொல்லிவிட்டால் போர்டை விட்டு வெளியே நிற்கும். செ.மீ. அளவை எழுதியே கொடுங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் போகாதீர்கள், கல்யாண பேனர்தான் அவர்களுக்கு முதல் வேலை. பவர்பாயிண்ட் ஃபைலைக் கொடுக்காமல் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள். கடைக் கணினியில் ஃபாண்ட் மாறினால் மைக்ரோ குறி (µ) சத்தமில்லாமல் எம் (m) எழுத்தாகிவிடும். 50 மைக்ரோகிராம் என்பது 50 மில்லிகிராம் என்று நின்றால் ஆயிரம் மடங்கு வித்தியாசம், உங்கள் முடிவே பொய்யாகிவிடும். பிரிண்ட் கொடுக்கும் முன் திரையில் பெரிதாக்கி ஒவ்வொரு மைக்ரோ குறியையும் விரல் வைத்துப் பாருங்கள். நுண்ணுயிர்ப் பெயர்களின் சாய்வெழுத்தும் அங்கேதான் நிமிர்ந்துவிடும்.

காட்டலாமே என்று நுண்ணுயிர் வளர்த்த கல்ச்சர் பிளேட்டைப் பையில் வைத்துப் பஸ் ஏறாதீர்கள். பக்கத்தில் குழந்தை உட்கார்ந்திருக்கும். அளவுகோல் வைத்து எடுத்த படம் போதும்.

கேள்விகளுக்குத் தயாராவதுதான் உண்மையான வேலை. நம் பக்கத்தில் நிறையப் பேர் நிலவேம்பு, வேப்பிலை என்று ஏதோ ஒரு இலைச்சாற்றை மெத்தனாலில் எடுத்து, சின்னக் காகித வட்டத்தில் (டிஸ்க்) விட்டு, அதைச் சுற்றிப் பாக்டீரியா வளராத இடத்தை (ஸோன்) அளந்து வருகிறார்கள். நடுவர் முதலில் கேட்பது, "வெறும் மெத்தனால் விட்ட டிஸ்க் எங்கே?" பாக்டீரியாவைத் தடுத்தது இலையா மெத்தனாலா என்று காட்டும் ஒப்பீடு (கன்ட்ரோல்) அது. அந்தப் படம் போஸ்டரிலேயே இருக்கட்டும். அடுத்தது, "எத்தனை தடவை செய்தாய்?" ஒரே நாளில் ஒரே கல்ச்சரிலிருந்து மூன்று பிளேட் போட்டால் அது மூன்று தடவை ஆகாது. வேறு வேறு நாளில் புதுசாக வளர்த்துச் செய்திருக்க வேண்டும். பாக்டீரியாவை அடையாளம் காணப் பார்க்கும் 16எஸ் மரபணு வரிசை 99 சதவீதம் ஒத்துப்போகிறது, அதனால் இது பேசிலஸ் சப்டிலிஸ்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். அதன் நெருங்கிய சொந்தங்களும் அதே அளவு ஒத்துப்போகும். 'பேசிலஸ் சப்டிலிஸ் குழுவைச் சேர்ந்தது' என்று எழுதினால் உங்கள் மேல் மரியாதை கூடும்.

பதில் தெரியாவிட்டால் "அதைச் செய்து பார்க்கவில்லை, சார்" என்று நேராகச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் சொல்லலாமா என்று கேளுங்கள். இந்தப் பக்கத்து அரங்குகளில் நான் பார்த்தவரை யாரும் மறுத்ததில்லை.

கேட்டவர் பெயரையும் கேள்வியையும் அன்று சாயங்காலமே குறித்து வையுங்கள். ஊர் திரும்பிய வாரத்துக்குள் போஸ்டர் பி.டி.எஃப்.-ஐ இணைத்து நாலு வரி மெயில் போடுங்கள்: நீங்கள் சொன்ன கன்ட்ரோலை வைத்துத் திரும்பச் செய்கிறேன், முடிவு வந்ததும் அனுப்பலாமா? பதில் வந்தால் உங்கள் கைடையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.