ரேம் போட்ட பிறகு ரவுட்டரில் செய்யும் தவறுகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் கிளியரிங் ஆபீஸ்களுக்கும் சின்ன இன்டர்நெட் ஆபரேட்டர்களுக்கும் சிஸ்கோ ரவுட்டர் பார்க்கும் புதுப் பையன்கள், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள். பவரை நிறுத்திவிட்டு மூடியைத் திற, கான்ஃபிக்கை பேக்கப் எடு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் எண்ணை மட்டும் படிப்பது

256 எம்பி ரேம் உள்ள சிஸ்கோ 2811 ரவுட்டரில் ‘ஷோ வெர்ஷன்’ கட்டளை அடித்தால், மெமரி அளவு 249856கே/12288கே என்பது போல இரண்டு எண்ணாக வரும். உடனே ‘கடைக்காரன் ஏமாத்திட்டான்’ என்கிறார்கள். இரண்டையும் கூட்டுங்கள்: 262144கே. முழு 256 எம்பியும் அங்கேதான் இருக்கிறது.

பழைய சதவீதத்தை அப்படியே விடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

முதல் எண் பிராசசர் மெமரி. எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட்டிங் டேபிள் எல்லாம் இதில்தான் உட்காரும். இரண்டாவது ஐஓ மெமரி, பாக்கெட்டுகள் தங்கிப் போகும் பஃபர். ரேம் ஒன்றுதான், பூட் ஆகும்போது ரவுட்டர் அதைப் பாகம் பிரிக்கிறது. நாம் தலையிடாவிட்டால், செருகியிருக்கும் கார்டுகளைப் பார்த்து அதுவே அளவு போட்டுக்கொள்ளும். கான்ஃபிக்கில் ‘மெமரி-சைஸ் ஐஓமெம்’ வரி இருந்தால் அதில் உள்ள சதவீதம்தான் செல்லும்.

தண்டையார்பேட்டை ஆபரேட்டர் ஒருவரின் 2811-இல் ‘மால்லாக்ஃபெயில்’, அதாவது கேட்ட மெமரி கிடைக்கவில்லை என்ற லாக் கொட்டியது. அங்கிருந்த பையன் ரிச்சி ஸ்ட்ரீட் போய் ரேம் வாங்கி 512 ஆக்கினான். கொஞ்ச நாளில் மறுபடி அதே லாக். டூப்ளிகேட் ரேம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டான், அப்புறம் வேறு கடையில் காசு கொடுத்து இன்னொன்று வாங்கினான். அதற்கும் அதே கதைதான். கான்ஃபிக்கைப் பார்த்தால் ‘ஐஓமெம் 40’. வாய்ஸ் கார்டு போட்ட வேறொரு ரவுட்டரிலிருந்து யாரோ அப்படியே ஒட்டிய வரி. 512-இல் 40 சதவீதம் என்றால் சுமார் 205 எம்பி. புதிதாக வாங்கியதில் நூறு எம்பிக்கு மேல் பஃபருக்குப் போய்ச் சும்மா கிடந்தது. ‘நோ மெமரி-சைஸ் ஐஓமெம்’ அடித்து, சேவ் செய்து, ராத்திரி ரீலோட் கொடுத்ததும் சரியாகிவிட்டது. எந்தப் பூலில், அதாவது எந்த மெமரிப் பாகத்தில், இடமில்லை என்று அந்த லாக்கிலேயே எழுதியிருக்கும்: ‘பூல் பிராசசர்’. படிக்கத்தான் ஆளில்லை. சரி, அதற்காக ஐஓமெம்மை 5-க்கு இறக்கிவிடாதீர்கள். பஃபருக்கு இடம் போதாமல் ‘பூல் ஐஓ’ என்று கத்த ஆரம்பிக்கும்.

ரீலோட் செய்யாமல் தீர்ப்பு சொல்வது

வேண்டாம். பாகம் பிரிப்பது பூட் ஆகும்போதுதான்.

சாஃப்ட்-ரீகான்ஃபிகரேஷன் இன்பவுண்டை விட்டுவைப்பது

இது பிஜிபி கட்டளை. பக்கத்து ரவுட்டரிலிருந்து வந்த ரூட்டுகளை ரேமில் இன்னொரு பிரதியாகச் சேர்த்துவைக்கும். ரூட்டுகளை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கும் ‘ரூட் ரெஃப்ரெஷ்’ 2000-லேயே தரமாகிவிட்டது, அது இருந்தால் இந்தப் பிரதி எதற்கு?

ரேம் ஏறினால் டிகேம் வளரும் என்று நம்புவது

வளராது. டிகேம் என்பது பெரிய பெட்டிகளில் ரூட்டை வேகமாகத் தேடும் மெமரி, அது தனி சிப். 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக ரூட்டிங் டேபிள் 512கே ரூட்டுகளைத் தொட்டபோது, டிகேமில் ஐபிவி4-க்கு இயல்பாக அவ்வளவே ஒதுக்கியிருந்த பழைய சிஸ்கோ 6500, 7600 பெட்டிகள் பல இடங்களில் திணறின. ‘எம்எல்எஸ் செஃப் மேக்ஸிமம்-ரூட்ஸ்’ கட்டளையில் எண்ணை ஏற்றி ரீலோட் செய்ய வேண்டியிருந்தது. ஏற்றிய இடம் ஐபிவி6 பங்கிலிருந்துதான் கழியும்.