‘ஓகே’ பற்றி எழுதப்போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொற்களின் வரலாறு எழுத வரும் இளைஞர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். ‘ஓகே’ என்ற தலைப்பைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். இரண்டாம் பத்தியில் போர்க்களம் வந்துவிடும். ஒற்றுப்பிழைகளை விடுங்கள், அவை எழுத எழுதச் சரியாகும்.

போர்க்களக் கதையை நம்புவது

அமெரிக்க உள்நாட்டுப் போரில், உயிரிழப்பில்லாத நாளில் பாசறைப் பலகையில் ‘ஜீரோ கில்டு’ (0 killed) என்று எழுதினார்களாம். அது சுருங்கி ஓகே ஆனதாம். இதை நானும் ஒரு மாத இதழில் அளந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டை போட்டார்: “போர் தொடங்கியது 1861. சொல் அச்சேறியது 1839. தாய்க்கு முன்னே பிள்ளை பிறந்ததா?” மறு இதழில் திருத்தம் வந்தது. என் தொடர் அதோடு நின்றது.

நடந்தது வேறு. 1830களின் இறுதியில் பாஸ்டன் நாளிதழ்களுக்கு ஒரு விளையாட்டு: வேண்டுமென்றே எழுத்தைக் கெடுத்து, பிறகு சுருக்குவது. ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ (oll korrect) ஆக்கி, முதலெழுத்துகளை எடுத்தால் ஓ.கே. 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ அதை அச்சிட்டது. ‘ஆல் ரைட்’டை ‘oll wright’ என்று கெடுத்து உண்டாக்கிய ‘ஓ.டபிள்யூ.’ மறைந்தே போயிற்று. ஓகேயைக் காப்பாற்றியது 1840 தேர்தல். குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரனின் ஊர் கிண்டர்ஹுக். ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்ற பட்டப்பெயரை வைத்து ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கம் தொடங்கினார்கள். அவர் தோற்றார், ஆனால் அதற்குள் சொல் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய நாளிதழ்களைத் துழாவி 1960களில் இதை நிறுவியவர் அமெரிக்க மொழியியலாளர் ஆலன் வாக்கர் ரீட்.

1861, 1839 என்று இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? போன வாரமும் ஒருவர் அந்தப் போர்க்களக் கதையை அனுப்பியிருந்தார். பலகையைப் படமாகவும் வரைந்திருந்தார்.

வான் பியூரனிடமிருந்து தொடங்குவது

ஓராண்டு தாமதம்.

அமெரிக்காவின் சாக்டா பழங்குடி மொழிச் சொல் என்பது

குடியரசுத் தலைவர் வுட்ரோ வில்சன் நம்பினார். நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

எல்லா ஓகேயையும் ‘சரி’ என்று மொழிபெயர்ப்பது

படம் எப்படி என்று கேட்டால் வரும் இழுவையான ஓகேக்குப் பொருள் ‘சுமார்’. இன்னும் கொஞ்சம் பரிமாறட்டுமா என்றதற்கு ‘ஐ ஆம் ஓகே’ என்றால் ‘போதும்’. ஒரு சிறுகதை மொழிபெயர்ப்பில் அங்கே ‘சரி’ என்று போட்டிருந்தார்கள். அடுத்த வரியிலேயே விருந்தாளி கை கழுவப் போய்விட்டார்.