கர்லிங் லீக்கில் எதிரணியோடு நட்பாகப் போட்டியிடுவது எப்படி?

கர்லிங் என்பது பனித்தளத்தில் கனமான கற்களை வழுக்கிவிட்டு, அவற்றின் முன்னே துடைப்பத்தால் பனியைத் தேய்த்து, வட்ட இலக்கின் மையத்துக்கு அருகே நிறுத்தும் ஆட்டம். கனடாவின் சிற்றூர்க் கர்லிங் கிளப்புகளில் குளிர்காலம் முழுவதும் அறிமுகமான அணிகளையே மீண்டும் மீண்டும் சந்திக்க வேண்டியிருப்பதால், போட்டியின் சூடு குறையாமலும் நட்பு கெடாமலும் ஆடப் பழகுவது அவசியம்.

ஆட்டம் தொடங்குமுன் எதிரணியினர் நால்வரோடும் கைகுலுக்கி, ‘குட் கர்லிங்’ என்று வாழ்த்துங்கள். கிளப் ஆட்டங்களில் பெரும்பாலும் நடுவர் இருப்பதில்லை. ஆகவே, ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கிரானைட் கல் பனித்தளத்தில் வழுக்கிச் செல்லும்போது உங்கள் துடைப்பத்தின் நுனி அதன்மீது இலேசாக உரசிவிட்டால், வேறு எவரும் கவனிக்காவிட்டாலும் நீங்களே உடனே சொல்லிவிட வேண்டும். மற்ற எல்லா வழக்கங்களையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். எதிரணியின் கல் குறி தவறும்போது கைதட்டாதீர்கள். அவர்கள் நன்றாகச் செலுத்தினால் மனதாரப் பாராட்டுங்கள். ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும், எந்தக் கல் மையத்துக்கு நெருக்கமானது என்பதை இரு அணிகளின் துணைத்தலைவர்களும் ஒப்புக்கொள்ளும்வரை எதையும் நகர்த்தக்கூடாது.

மீள முடியாத அளவுக்குப் பின்தங்கிவிட்டால், கையுறையைக் கழற்றிக் கைகொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொள்வது இழுக்கல்ல. பிறகு, வென்றவர்கள் தோற்றவர்களுக்கு முதல் சுற்றுப் பானம் வாங்கித் தருவது மரபு. ஒரே மேசையில் அமர்ந்து, ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் தவறிய அந்தக் கல்லைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.