'டி' போட்டதும் அணையும் பழைய ஆட்டோமேட்டிக் கார்: ஐடில் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள்

அண்ணா சாலை சிக்னல், ஏசி ஓடுகிறது, கியர் 'டி'யில் (டிரைவ், முன்னே ஓட்டும் நிலை), கால் பிரேக்கில். இன்ஜின் இரண்டு முறை குலுங்கி அணைகிறது. ஐடில் ஸ்க்ரூவை (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) திருகி ரேஸை ஏற்றிவிட்டால் அன்றைக்கு வீடு வந்து சேரலாம், ஆனால் கோளாறு அப்படியேதான் இருக்கும். நியூட்ரலில் 1,100 ஆர்பிஎம் வைத்த ஆட்டோமேட்டிக், 'டி' போடும்போதெல்லாம் கியர்பாக்ஸை இடிக்கும்; பிரேக்கை மீறி முன்னே தள்ளும். அதோடு, கார்பரேட்டரின் த்ராட்டில் தட்டு அளவுக்கு மேல் திறந்துவிடுவதால் பெட்ரோல்-காற்றுக் கலவையை வைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்பினாலும் பலன் தெரியாது. சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் தட்டுத் தடுமாறி ஓடும்.

முதலில் அளந்து பாருங்கள். 20 நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் தட்டு) முழுதாகத் திறந்திருக்க வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி உட்காரட்டும். காருக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. டாஷ்போர்டு மீட்டரை நம்பாமல் தனி டேக்கோமீட்டர் மாட்டி மூன்று அளவுகள் எடுங்கள்: நியூட்ரலில், 'டி'யில், 'டி'யோடு ஏசி போட்டு. பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரோ மேனுவலோ சொல்வதுதான் முடிவான அளவு. கார்பரேட்டர் வண்டிகளில் பொதுவாக நியூட்ரலில் 750 முதல் 850, 'டி'யில் 600 முதல் 700 இருக்கும்.

நியூட்ரலிலேயே குறைவென்றால் கோளாறு இன்ஜினில். நியூட்ரலில் சரியாக இருந்து 'டி'யில் 200க்கு மேல் விழுந்தால், சுமை தாங்காத அளவுக்கு இன்ஜின் பலவீனமாக இருக்கிறது. பெரும்பாலும் காற்றுக் கசிவு அல்லது டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்). ஏசி போட்டால் மட்டும் விழுந்தால் ஐடில்-அப் (ஏசி சுமைக்காக ரேஸை ஏற்றும் அமைப்பு) வேலை செய்யவில்லை. மூன்று அளவும் சரி, ஆனாலும் குலுங்குகிறது என்றால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் அமுங்கியிருக்கும். இதைப் பார்க்காமல் கார்பரேட்டரைக் கழற்றுபவர்கள் ஏராளம்.

அடுத்தது வேக்கும் கேஜ், அதாவது இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் மீட்டர். சென்னை கடல்மட்டத்தில் இருப்பதால் மேனுவலில் உள்ள அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: முள் அசையாமல் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு). 12, 14 என்று நிலையாக நின்றால் கசிவு, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. சீராக விட்டுவிட்டுத் துடித்தால் வால்வைச் சந்தேகியுங்கள். கசிவைப் பிடிக்க, பிரேக் பூஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் (தீப்பொறி நேரத்தை முன்னே தள்ளும் பாகம்), கியர்பாக்ஸ் மாடுலேட்டர் (இன்ஜின் வெற்றிடத்தைக் கொண்டு கியர் மாறுவதைச் சீராக்கும் பாகம்) ஆகியவற்றுக்குப் போகும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் மெதுவாக அழுத்துங்கள். எதை அழுத்தும்போது ரேஸ் ஏறுகிறதோ கசிவு அந்த வழியில். கார்பரேட்டர் அடி கேஸ்கட்டும் பல வருட வெயில், சூட்டில் சுருங்கி விரிசல் விடும்.

மாடுலேட்டரைத் தனியாகப் பாருங்கள். அமெரிக்க டர்போ ஹைட்ராமேட்டிக், பழைய மெர்சிடிஸ் 722.3 போன்ற கியர்பாக்ஸ்களில் இது உண்டு. ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். சிவப்பு ஆயில் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. இன்ஜின் கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சுகிறது. வெள்ளைப் புகை வரும், பிளக் அழுக்காகும், தரையில் ஒரு சொட்டு விழாமலே ஆயில் மட்டம் இறங்கும், கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறும். மாடுலேட்டரையே மாற்ற வேண்டும், வேறு வழியில்லை.

பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனை) உள்ள வண்டியில் அதன் இடைவெளி பெரும்பாலும் 0.4 மி.மீ. பாயிண்டின் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், ஐடிலிங் இறங்கும். ஆகவே பாயிண்டை முதலில் வைத்து, அதன்பிறகே டைமிங் லைட்டை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகுதான் கார்பரேட்டர். ஸ்லோ ஜெட்டை (ஐடிலில் பெட்ரோல் வரும் சிறு துளை) கிளீனரும் காற்றும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கம்பியை விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகி ஜெட் வீணாகும். சாவியை அணைத்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஐடில் கட்-ஆஃப் சோலினாய்டு இருந்தால், சாவியைப் போட்டு அதன் வயரைக் கழற்றி மாட்டும்போது 'டிக்' கேட்க வேண்டும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெல்ல உட்காரும்வரை திருகி, ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். கேஜில் முள் அதிகம் ஏறும் இடமே சரியான இடம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால் கலவை மெலிந்திருக்கும், கால் சுற்று கூடுதலாக வெளியே வரலாம். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் ஹோஸை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள்.

சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழைய கார்பரேட்டர் வாங்குவதானால் உடம்பில் பொறித்த எண்ணை ஒப்பிடாமல் வாங்காதீர்கள். மேனுவல் கியர் வண்டியின் கார்பரேட்டர் பார்க்க அச்சு அசலாக இருக்கும்; ஜெட் அளவு வேறாக இருக்கலாம்.

கார்பரேட்டருக்குப் பதில் கேஇ-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள மெர்சிடிஸ் என்றால் ஐடில் வால்வில் படிந்த கரியைக் கழுவுங்கள். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓவிபி (அதிக மின்னழுத்தத் தடுப்பு) ரிலேயின் ஃபியூஸையும் சால்டரையும் பாருங்கள்.

இப்போது ஐடில் ஸ்க்ரூவைத் தொடலாம். 'டி'யில், ஏசி இல்லாமல், மேனுவல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். பிறகு ஏசியைப் போட்டு ஐடில்-அப் ஸ்க்ரூவால் மட்டும் அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். மத்தியான வெயிலில் 15 நிமிடம் அப்படியே ஓடவிட்டு மீண்டும் அளந்து, மூன்று எண்களையும் தேதியோடு பானட்டின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.