பட்டாளத்தாரின் வாழ்க்கையைத் தொகுத்து எழுதுவது எப்படி?

ராணுவத்தில் பணியாற்றி, ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்டு, எண்பது வயதைக் கடந்து மறைந்த ஒருவரை ஊர் "பட்டாளத்தார்" என்ற ஒரே சொல்லில் நினைவு வைத்திருக்கும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போலப் பல குடும்பங்களிலிருந்து படைக்கு ஆள் போன ஊர்களில் அந்தச் சொல்லும் எவரையும் தனித்துக் காட்டாது. அவருடைய வாழ்க்கையைச் சிறு நூலாகத் தொகுக்க விரும்பும் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படாமல், முதலாம் ஆண்டு நினைவு நாளை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1962 சீனப் போருக்குப் பின் படை பெருக்கப்பட்ட காலத்தில் 18 வயதில் சேர்ந்த ஒரு சிப்பாய், ஓய்வூதியத்துக்குத் தேவையான 15 ஆண்டுகளையும் அதற்கு மேல் ஓரிரண்டையும் முடித்து ஊர் திரும்பியபோது அவருக்கு வயது 35ஐ ஒட்டியே இருந்திருக்கும். எண்பது ஆண்டு வாழ்ந்தவரின் சீருடைக் காலம் கால் பங்குக்கும் குறைவு. ஆயினும் நினைவு மலர்களில் சீருடைப் படமும் போர்க்கதையுமே பெரும்பகுதியை அடைத்துக்கொள்கின்றன. வங்கிக் காவலராக இரவுப்பணி பார்த்து மகளைப் படிக்கவைத்த ஆண்டுகள் "பின்னர் குடும்பத்தைக் கவனித்தார்" என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. பக்கங்களைப் பிரிக்கும்போது இந்தக் கணக்கை மறக்க வேண்டாம்.

ஆண்டுகளைச் சரிபார்க்க, படையிலிருந்து விடுவிக்கும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகமே முதல் ஆதாரம். படையில் சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், பதவி, பதக்கங்கள், அங்க அடையாளம் ஆகியவை அதில் இருக்கும். திருமணமும் குழந்தைகளின் பிறப்பும் "பார்ட் டூ ஆர்டர்" எனப்படும் படைப்பிரிவு ஆணை வழியாகப் பதிவாகியிருக்கும். பிறந்த தேதி மட்டும் ஆவணத்தில் ஒன்றாகவும் வீட்டு ஜாதகத்தில் வேறாகவும் இருப்பது சகஜம், இரண்டையும் குறிப்பிட்டுவிடுங்கள். மூலப் புத்தகம் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்குத் தேவைப்படும் என்பதால், அதை நகலெடுத்துவிட்டு உடனே திருப்பி வையுங்கள். புத்தகமே தொலைந்திருந்தால், மதராஸ் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்தவருக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன் ஆவண அலுவலகத்துக்கும், ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தவருக்குப் பெங்களூருவுக்கும் எழுதிக் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதும் முறையைச் சொல்வார்கள். பழைய தாள்களில் "ஜமேதார்" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அந்தப் பதவிதான் 1965இல் நாயப் சுபேதார் என்று பெயர் மாறியது.

பதக்கங்களைப் படிக்கத் தெரிந்தால் அவர் சொல்லாமல் விட்ட செய்திகள் கிடைக்கும். பூர்வி ஸ்டார் 1971 இந்திய-பாகிஸ்தான் போரின் கிழக்கு முனையையும், பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனையையும் குறிக்கும். சங்கிராம் பதக்கமோ அக்காலத்தில் படையில் இருந்த ஏறத்தாழ எல்லோருக்கும் கிடைத்தது; ஆகவே அதை மட்டும் கொண்டு "போர்முனையில் நின்றார்" என்று எழுதிவிடக் கூடாது. பதக்கத்தின் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும்.

எனினும், இவை எல்லாவற்றையும்விட வளமான ஆதாரம் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் நீல நிற இன்லண்ட் கடிதங்கள்தான். முகவரியில் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) அல்லது 99 ஏ.பி.ஓ. என்றிருக்கும், முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண்ணும் தேதியும் இருக்குமே தவிர ஊர்ப் பெயர் இராது. எங்கிருந்து எழுதினார் என்பது தெரியாவிட்டாலும், எதைப் பற்றி எழுதினார் என்பது தெரியும்: கன்று ஈன்றதா, மணியார்டர் வந்ததா, தங்கைக்கு வரன் அமைந்ததா. இக்கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி, அவற்றோடு அவர் லீவில் வந்த மாதங்களையும் குறித்துக்கொண்டால், அவர் தொலைவில் இருந்துகொண்டே குடும்பம் நடத்திய விதம் தானே உருப்பெறும். நூலின் அத்தியாயங்களை ரெஜிமெண்ட் இடம்மாறிய வரிசையில் அமைப்பதைக் காட்டிலும், லீவுக்கு லீவு அமைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. குடும்பம் அவரை அறிந்தது அப்படித்தான்.

அடுத்து, பேச்சு. அம்மாவிடமும் அத்தைமாரிடமும் முதலில் கேளுங்கள். அவரோடு சேர்ந்த நண்பர் எவரேனும் உயிரோடு இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். "போர் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதிலே வரும். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, இதில் பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேளுங்கள். ஸ்டுடியோ படமாக இருந்தால் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஊர்ப் பெயரோடு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கக்கூடும். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையோடு இலங்கையில் இருந்த தமிழ் வீரர்கள் பலர் அதைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. அவ்வாறாயின், அவர் பேசவில்லை என்பதையே எழுதுங்கள். அந்த இடத்தை நீங்கள் இட்டு நிரப்ப வேண்டாம். அவருடைய முன்கோபம், ராணுவ கேன்டீனில் வாங்கிய மது பாட்டிலால் வீட்டில் எழுந்த சண்டை, காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிய கண்டிப்பு ஆகியவற்றையும் மறைக்காதீர்கள். அவை இல்லாத நூலில் பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தாவை அடையாளம் காண மாட்டார்கள்.

அச்சிடும் பக்கங்களில் படை எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு ஆகியவை தென்படும் ஆவணப் படங்களைச் சேர்க்க வேண்டாம்; மோசடிக்காரர்களுக்கு அவை போதும். இறுதியாக, அச்சகத்துக்குக் கொடுக்கும் முன், நான்கைந்து நாள் மாலை நேரங்களில் முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தும் தேதிகளை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; அவர் வேண்டாம் என்று சொல்லும் பத்தியைக் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.