தோட்டத்து வெயிலில் கேமிங் மடிக்கணினி: கொதிப்பையும் திக்கலையும் தீர்க்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் சிறிய பழுதுபார்ப்புக் கடைக்கு, பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் கேமிங் மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் திக்குது, கீபோர்டுல கை வைக்க முடியல." செம்பனைக் குலை வெட்டும் தகப்பனோ தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் தாயோ மாதத் தவணை கட்டி வாங்கிக் கொடுத்த கணினி அது. ஆகவே கண்டதை வாங்கிப் பொருத்துவதற்கு முன், காசு செலவில்லாமல் வீட்டிலேயே குறையைக் கண்டறிவது எப்படி என்பதை இங்கே விளக்கமாக எழுதுகிறேன். வெப்பத்தை அளக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஏனென்றால் எல்லாத் திக்கலும் சூட்டினால் வருவதில்லை, எல்லாச் சூடும் பழுதும் அல்ல.

முதலில் சூட்டின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். மடிக்கணினியின் குளிர்விப்பு அமைப்பு சிப்பின் வெப்பத்தை அறையின் காற்றுக்குத்தான் கடத்துகிறது. காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு சூடு சிப்பிலும் கூடுகிறது. 25 டிகிரி அறையில் 88 டிகிரியில் ஓடும் புராசசர், தகரக் கூரை போட்ட வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு அறை 33 டிகிரியைத் தொடும்போது, அதே உழைப்புக்கு ஏறக்குறைய 96 டிகிரிக்குப் போய்விடும். இன்டெல் மடிக்கணினிப் புராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரியும், ஏ.எம்.டி. ரைசன் வகைகளுக்கு 95 முதல் 105 டிகிரி வரையும், என்விடியா கிராஃபிக்ஸ் சிப்புகள் பலவற்றுக்கு 87 டிகிரியை ஒட்டிய அளவும் எல்லைக்கோடு. அந்தக் கோட்டைத் தொட்டதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கிறது, சற்று ஆறியதும் மறுபடி ஏற்றுகிறது, மறுபடி கொதிக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நாம் திரையில் திக்கலாகக் காண்கிறோம். திரையில் அடுத்தடுத்து வரையப்படும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 16.7 மில்லி விநாடியில் வந்து சேர வேண்டும். இடையில் ஒன்று மட்டும் 50 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், சராசரி எண் 58 என்று அழகாகக் காட்டினாலும், கண்ணுக்கு அது வெட்டி இழுத்ததுபோலத் தெரியும்.

அளப்பதற்கு எச்.டபிள்யூ.இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் போதும். அதைத் திறக்கும்போது சென்சார் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, வழக்கமாகத் திக்கும் விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு புராசசரின் அதிகபட்ச வெப்பநிலை, கிராஃபிக்ஸ் சிப்பின் அதிகபட்ச வெப்பநிலை, இரண்டின் கிகாஹெர்ட்ஸ் வேகம், 'தெர்மல் த்ராட்லிங்' என்ற வரி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரியில் 'யெஸ்' என்று பதிவாகியிருந்தால் சூடுதான் வேகத்தைக் குறைத்திருக்கிறது என்று உறுதிகொள்ளலாம். ஆட்டத்தின் நடுவிலேயே எண்களைத் திரை ஓரத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரைப் பயன்படுத்தலாம்; எந்த நிறுவனத்தின் மடிக்கணினியிலும் அது வேலை செய்யும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் கிராஃபிக்ஸ் சிப்பின் சூட்டை மட்டுமே காட்டும், புராசசரின் சூட்டைக் காட்டாது. அதை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

திக்கல் எப்போது வருகிறது என்பதும் ஒரு தடயம். தொடக்கத்தில் சீராக ஓடி, பத்து இருபது நிமிடங்களுக்குப் பின் திக்கத் தொடங்கினால் சூட்டின் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். புதிய இடத்துக்குள் முதல் முறை நுழையும்போது மட்டும் திக்கி, அதே இடத்துக்கு மறுபடி போகும்போது சீராக இருந்தால், அது ஷேடர் என்னும் சிறு நிரல்களைக் கணினி அப்போதுதான் தொகுப்பதால் வருவது. அதற்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. உங்கள் பாத்திரம் சீராக நகர, எதிரிகள் மட்டும் தாவித் தாவி வந்தால், அது இணையத்தின் தாமதம்; வைஃபையை விட்டுக் கம்பி இணைப்பில் ஆடிப் பாருங்கள். புராசசரின் வேகம் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே போய் அங்கேயே அசையாமல் நின்றுவிட்டால், சார்ஜரையும் அதன் முனையையும் முதலில் சோதியுங்கள். கேமிங் மடிக்கணினிகள் பலவற்றுக்கு 150 முதல் 230 வாட் வரையோ அதற்கு மேலோ தேவைப்படுகிறது; 65 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகிவிட்டு வேகத்தை எதிர்பார்க்க முடியாது. பேட்டரியில் மட்டும் ஓடும்போதும் வேகம் வேண்டுமென்றே குறைக்கப்படும்.

அளந்து பார்த்துச் சூடுதான் என்று தெரிந்துவிட்டதா? அப்படியானால் நம் வட்டாரத்தில் முதலில் தேட வேண்டியது தூசியை. சென்ற ஆண்டு ஒரு தம்பி கொண்டுவந்த கணினி என் நினைவில் நிற்கிறது. அவன் வீடு செம்பனை லாரிகள் போகும் செம்மண் சாலையை ஒட்டியது. ஆடுவதோ அடுப்படிக்கு அடுத்த அறையில். அடிமூடியைக் கழற்றியபோது விசிறியின் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகவே இருந்தன; "பார்த்தீங்களா அண்ணே, தூசி இல்ல," என்றான் தம்பி. விசிறியின் மூன்று திருகாணிகளைக் கழற்றி அதைத் தூக்கியதும்தான், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே மறைந்திருந்த பொருள் தெரிந்தது. செம்மண் தூசியும், சாம்பிராணிப் புகையும், தாளிப்பின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து, பழைய தலையணைப் பஞ்சுபோல ஒரு விரல் நீளத்துக்குத் தகடுகளின் வாயை முழுவதும் அடைத்திருந்தன. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். துணியைப்போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. காற்று வெளியேற வழியே இல்லாமல் அந்த விசிறி எத்தனை வேகமாகச் சுழன்றும் பயனில்லாமல் போயிருக்கிறது. மேலிருந்து காற்றடித்திருந்தால் அந்தப் பஞ்சு அசைந்திருக்கவே செய்யாது. சுத்தம் செய்தும் சூடு குறையவில்லை என்று வருபவர்களில் பலருடைய கணினியில் நான் காண்பது இதைத்தான்.

சுத்தம் செய்யும் முறை இது. உத்தரவாதக் காலம் இன்னும் இருந்தால், மூடியைத் திறப்பதால் அது செல்லாமல் போகுமா என்று விற்ற கடையில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கையை ஓர் உலோகப் பொருளின் மேல் வைத்து உடம்பின் மின்னேற்றத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். அடிமூடியின் திருகாணிகள் ஒரே நீளமாக இருப்பதில்லை. ஒரு தாளில் கணினியின் வடிவத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே ஒவ்வொரு திருகாணியையும் வைத்துவிடுவது என் வழக்கம். நீளமான ஒன்றைத் தவறான ஓட்டையில் முடுக்கினால் மேல்பக்கம் துளைபட்டுவிடும். மூடியின் கொக்கிகளை விடுவிக்கக் கத்தி வேண்டாம், சாலைக் கட்டணம் செலுத்தப் பயன்படும் டச் அண்ட் கோ அட்டையில் காலாவதியான ஒன்று போதும். திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் வேறெதையும் தொடாதீர்கள்.

பிறகு விசிறிகளைக் கழற்றி, உள்ளே அடைந்திருக்கும் பஞ்சை இடுக்கியாலும் மென்மையான தூரிகையாலும் எடுங்கள். காற்றுக் குப்பியைப் பயன்படுத்தும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். பிடிக்காவிட்டால் அது கட்டுக்கடங்காமல் சுழன்று, அச்சும் தேய்ந்து, மின்சாரத்தையும் திருப்பி அனுப்பக்கூடும். குப்பியைச் சாய்த்துப் பிடித்தால் குளிர்ந்த திரவம் பலகையின் மேல் கொட்டும், ஆகவே நிமிர்த்தியே பிடியுங்கள். மோட்டார் பட்டறையில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அந்தக் காற்றில் நீரும் எண்ணெயும் கலந்து வருவதுடன், அழுத்தமும் விசிறியை உடைத்துவிடும். வீட்டுத் தூசி உறிஞ்சியும் நிலைமின்னை உண்டாக்கும் என்பதால் வேண்டாம். இன்னொன்று: கதகதப்பான இடத்தைத் தேடி எறும்புகள் மடிக்கணினிக்குள் முட்டையோடு குடியேறுவதை நம் ஊரில் நான் அடிக்கடி காண்கிறேன், கணினிக்கு அருகில் இனிப்பையும் பிஸ்கட் துகளையும் விட்டுவைக்காதீர்கள்.

தூசி போன பின்பும் சூடு குறையாவிட்டால், அல்லது கணினி மூன்று நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தால், சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்து விலகியிருக்கலாம். இதைத் துணிவும் பொறுமையும் உள்ளவர்கள் மட்டுமே வீட்டில் செய்யலாம். தகட்டின் திருகாணிகளுக்கு அருகில் அச்சிடப்பட்ட எண் வரிசையைப் பின்பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், பழைய பசையை ஐசோபுரோபில் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள், புதிய பசையைச் சிப்பின் மேற்பரப்பு முழுவதும் மெல்லியதாகப் பரப்புங்கள். நினைவகச் சிப்புகளின் மேலுள்ள, சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் மெத்தைகளைக் கிழிக்காமல் அதே இடத்தில் வையுங்கள். அவற்றை மாற்றுவதானால் அதே தடிமன் வேண்டும், கூடினால் தகடு சிப்பில் படியாது. மடிக்கணினியில் சாதாரணப் பசை நாளடைவில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும் என்பதால், ஹனிவெல் நிறுவனத்தின் பி.டி.எம். 7950 என்னும், சூட்டில் இளகிப் படியும் தாளை நான் விரும்பிப் போடுகிறேன். தகட்டைத் தூக்கியதும் பாதரசம்போல் வெள்ளியாய் மின்னும் திரவத்தைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது கேலியம் கலந்த திரவ உலோகம். மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். அனுபவம் உள்ளவரிடம் விடுவதே நல்லது.

கருவியைத் திறக்காமலே செய்யக்கூடியவற்றில் மிகுந்த பலன் தருவது ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவது. வரம்பு கட்டாவிட்டால் கிராஃபிக்ஸ் சிப் தன்னால் முடிந்த அளவு ஃபிரேம்களை வரையத் துடிக்கிறது. அந்தத் துடிப்பே சூடு. என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்' என்ற தேர்வில் 60 அல்லது 75 என்று வைத்துப் பாருங்கள். 140க்கும் 60க்கும் இடையே ஊசலாடும் படத்தைவிட, அசையாத 60 கண்ணுக்கு எவ்வளவோ இதமானது. அடுத்து, விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் புராசசரின் அதிகபட்ச நிலையை 100 விழுக்காட்டிலிருந்து 99 ஆக்கினால், பெரும்பாலான கணினிகளில் டர்போ என்னும் கூடுதல் வேகம் நின்று, சூடு 10 டிகிரிக்கு மேலும் இறங்கும். புராசசரை அதிகம் நம்பும் விளையாட்டுகளில் சற்று வேகம் குறையும் என்பதால், மாற்றியபின் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். மின்னழுத்தத்தைக் குறைப்பது இதனினும் நுட்பமான வழி. சிப் உண்ணும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், சிறிது குறைத்தாலும் பலன் பெரிது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்னும் பாதுகாப்பு ஓட்டை வெளியான பின், இன்டெல் புராசசர்களில் இந்த வசதியைப் பல தயாரிப்பாளர்கள் பூட்டிவிட்டார்கள். ஆனால் கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஆஃப்டர்பர்னரில் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் காட்டும் வளைகோட்டின் வழியாக இன்றும் பெரும்பாலும் செய்ய முடிகிறது.

சூடு 80க்குள் இருந்தும் திக்கினால், நினைவகத்தைப் பாருங்கள். 8 ஜிபி ஒற்றை ரேமுடன் விற்கப்படும் கணினியில் இன்னொரு 8 ஜிபி சேர்த்து இரட்டை வழியாக்கினால் திக்கல் கண்கூடாகக் குறையும். நான் செலவு செய்யச் சொல்லும் ஒரே பொருள் பெரும்பாலும் இதுதான். ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற 4 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம் உள்ளவற்றில் 'டெக்ஸ்சர்' (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை ஒரு படி இறக்குங்கள், மற்றவற்றை அப்படியே விடலாம். கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாளே தொல்லை தொடங்கியிருந்தால், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்னும் மென்பொருள் கொண்டு, விண்டோஸ் அடிப்படை வசதிகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் அதை முழுவதும் நீக்கிவிட்டு முந்தைய பதிப்பைப் போடுங்கள்.

கணினியை வைக்கும் இடத்தையும் மாற்றுங்கள். மெத்தையின் மேலும் பாயின் மேலும் வைத்து ஆடினால் அடியிலுள்ள காற்று வாயில் அடைபட்டுவிடும். மேசையில் வைத்து, பின்புறத்தை இரண்டு போத்தல் மூடிகளால் உயர்த்தினாலே சில டிகிரி இறங்குவதைக் காணலாம். நின்ற காற்றாடியை அறையின் சூட்டுக் காற்றை வெளியே தள்ளும்படி ஜன்னலை நோக்கித் திருப்புங்கள். புகைமூட்டக் காலத்தில் ஜன்னலைச் சாத்திவைப்பதே நல்லது.

இவை ஒவ்வொன்றையும் ஒரே நாளில் செய்யாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் அதே விளையாட்டை அதே நேரத்தில் அரை மணி ஓடவிட்டு, முதலில் எழுதிய தாளிலேயே புதிய எண்களையும் எழுதுங்கள். அந்தத் தம்பியின் கணினியில் புராசசர் 98லிருந்து 84 டிகிரிக்கு இறங்கியது; நான் எடுத்தது பஞ்சு மட்டுமே, வேறு எதையும் மாற்றவில்லை. சுத்தம் செய்த தேதியையும் அன்றைய அதிகபட்ச வெப்பநிலையையும் சிறிய நாடாவில் எழுதி அடிமூடியில் ஒட்டிக் கொடுத்தேன். செம்மண் சாலையோர வீடு என்பதால் நான்கு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எண் 90ஐத் தாண்டினால் விசிறியைக் கழற்றும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.